மலிவும் நியாயமும்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில், குட்வில் என்னும் தர்ம ஸ்தாபனத்தின் கடையொன்றில், 2018-ம் வருஷம் ஒரு பெண்மணி சலவைக்கல்லாலான தலைச் சிலை ஒன்றை வாங்கினார். விலை 34 டாலர் 99 சென்ட். நிபுணர்களைக் கொண்டு விசாரித்ததில், அது ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முற்பட்ட ரோமானியச் சிற்பம் என்று வெளியாயிற்று. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக், ஆஷாஃபென்பர்க் நகரில் நிர்மாணித்த பொம்பெயானும் மாளிகையில் இருந்த சிலை அது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது காணாமற் போனது. பவேரிய அரசாங்கம் அதை யாருக்கும் விற்றதில்லை. ஆகையால், வாங்கியவருக்கும் அதை விற்கும் உரிமை இல்லாமற் போயிற்று. அவர் அதைத் திருப்பித் தர இசைந்தார். சான் அன்டோனியோ கலைப் பொருட்காட்சிசாலையில் 2022-ல் பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டபின், அது ஜெர்மனிக்குச் செல்வதென்று ஏற்பாடாயிற்று.

இச் செய்தியைப் படிப்பவர் அப் பெண்மணியின் அதிர்ஷ்டத்தைக் கண்டு வியப்பது இயற்கையே. நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு கேள்வி. தர்மக் கடையில் ஒரு பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டால், அத்துடன் வாங்குபவரின் கடமை தீர்ந்துவிடுகிறதா?

இக் கடைகளின் தன்மையை முதலில் கவனிக்க வேண்டும். கிரேக்க நாட்டில் பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு உதவும் பொருட்டு 1942-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதுவே பிற்பாடு ஆக்ஸ்பாம் என்று பெயர் பெற்றது. அந் நகரின் பிராட் வீதியில் 1947-ல் அது தன் கடையைத் தொடங்கிற்று. இன்று பிரிட்டனில் இத்தகைய கடை இல்லாத கடைவீதியைக் காண்பது அரிது. அங்கே விற்கும் சரக்கில் பெரும் பகுதி பிறர் இனாமாய்க் கொடுத்தது; விற்பவர்களில் அநேகர் சம்பளம் பெறாத தொண்டர்கள். இங்கிலாந்தில் கடைக் கட்டடத்துக்குரிய வரியிலும் இவற்றுக்கு நூற்றுக்கு 80 பங்கு சட்டப்படி தள்ளுபடியாகிறது. ஆகவே, அக் கடையிலுள்ள பண்டம் ஒரு வியாபாரியின் சொந்த முதல் அல்ல. அது ஏழைகளின் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட சொத்து. தொண்டர் அதற்குத் தர்மகர்த்தா.

“கேட்ட விலையைக் கொடுத்தேன், என் மீது என்ன குற்றம்?” என்று சிலர் வாதிக்கலாம். சாதாரண வியாபாரத்தில் இது செல்லும். வியாபாரியின் அறியாமையால் வரும் நஷ்டம் அவனையே சேரும். தர்மக் கடையிலோ, தொண்டரின் அறியாமையால் நேரும் நஷ்டத்தைச் சுமப்பவர், அக் கடையைக் கண்ணாலும் பார்த்திராத நோயாளியோ, பசித்தவரோ ஆவார். அரிய புத்தகம் ஒன்றின் மதிப்பை அறிந்தே அற்ப விலைக்கு வாங்கிப் பன்மடங்கு லாபத்துக்கு விற்பவரைச் சட்டம் தண்டிக்காமலிருக்கலாம். அவருடைய அறிவுக்கும் உழைப்புக்கும் ஊதியம் உண்டென்பதையும், அவர் கண்ணில் படாவிடில் அப் புத்தகம் குப்பைக்குப் போயிருக்கக் கூடுமென்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை அக் கடைக்கே திருப்பிச் செலுத்துவதுதான் நியாயமாகும்.

இதனினும் கடுமையான விஷயம் ஒன்றுண்டு. அரிய ஜாடியொன்று கை மாறினால் ஸ்தாபனத்துக்கு நஷ்டம் பணம் மட்டுமே. குளிர் காலத்துக் கம்பளிச் சட்டைகளையும் குழந்தைகளின் பாதரட்சைகளையும் கடை திறந்தவுடன் மூட்டை மூட்டையாய் வாங்கிச் சென்று, அதிக விலைக்கு மறுவிற்பனை செய்கிறவர்களால் நேரும் தீங்கு அத்தகையதல்ல. வேறு கடைக்குப் போக வசதியற்றவர் அன்று வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். இதற்குப் பரிகாரமாக எல்லாச் சரக்கின் விலையையும் கடைக்காரர்கள் ஒருமிக்க உயர்த்துவார்களாயின், அதுவும் ஏழையின் தலையிலேயே விடியும். அபூர்வப் பொருள்களை நிபுணரிடம் காட்டி முழு மதிப்புக்கு விற்கட்டும். பழம் புத்தகங்களுக்கென்றே ஆக்ஸ்பாம் தனிக் கடைகள் நடத்திவருவது இதற்கு நல்ல முன்மாதிரி. உடுக்கும் துணியோ மலிவாகவே இருக்க வேண்டும். ஒருவருக்கு இத்தனைதான் என்று வரையறுப்பதிலும் தவறில்லை.

மூன்றாவதாக, பொருளின் பூர்வ சொந்தக்காரர் ஒருவர் இருக்கலாம். இறந்தவரின் வீட்டைக் காலி செய்கையில் அவசரமாக அனுப்பப்படும் பெட்டிகளில், கடிதங்களும் பதக்கங்களும் பணமும் அறியாமல் சேர்ந்துவிடுவதுண்டு. திருடப்பட்டதும் வந்து சேரலாம். அதற்கான அடையாளம் தென்பட்டால், கடைக்குத் தெரிவிப்பது வாங்கியவரின் கடன். பல கை மாறியதனாலேயே திருட்டுச் சொத்து நேர்மையான சொத்தாகிவிடுவதில்லை.

பழைய பொருளை வாங்கி உபயோகிப்பது சிக்கனமான நற்பழக்கம். புதியது செய்வதற்காகும் பஞ்சும் தண்ணீரும் உழைப்பும் அதனால் மிஞ்சுகின்றன. ஆனால், பழையது என்ற ஒரே காரணத்தால் வாங்குவதெல்லாம் புண்ணியமாகிவிடாது. மலிவாய்க் கிடைத்ததென்று மகிழ்வோர், அம் மலிவின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதையும் சிறிது யோசிப்பார்களாக.