ஒயின் அறைக்கு முதற்செலவு எது?

வீட்டில் ஒயின் அறை அமைக்க விழைவோர் முதலில் குளிரூட்டியின் விலையைக் கேட்கின்றனர். கேட்க வேண்டியது அதன் மின்செலவை என்பது எங்கள் கருத்து. ஒயினுக்கு ஏறத்தாழ 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் மிதமான ஈரப்பதமும் தேவை. சாதாரண ஏ.சி. பெரும்பாலும் 16 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்றை உலர்த்தித் தக்கையையும் சுருங்கச் செய்யும். கம்ப்ரசர் இல்லாத பெட்டி மலிவானது. எனினும் நாக்பூரின் 45 டிகிரிக் கோடையில் திணறும். ஆதலால் கம்ப்ரசர் வகையே தக்கது.

அதற்கும் முன்னதாகச் சுவருக்கும் கதவுக்கும் வெப்பக்காப்புச் செய்வதே சிறந்த முதலீடு. ஒருமுறை செய்யும் அச்செலவு மாதந்தோறும் மின்கட்டணத்தைக் குறைக்கும். நாசிக் ஒயின்களில் பல விரைவில் பருகத்தக்கவை. இருபது புட்டிகளுக்குத் தனி அறையும் தனிநபர் கடனும் வேண்டா. சிறு பெட்டியே போதும். வீட்டில் வைத்திருக்கத்தக்க அளவை மாநிலக் கலால் விதிகள் வரையறுக்கின்றன. அதனை அறிந்த பின்னரே செலவில் இறங்குதல் நலம்.