இரு பக்கமும் கோல் விழுமா?

கொச்சிக்காரர்களுக்குக் கால்பந்து என்றால் தனி மயக்கம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் தமிழ்த் தொழிலாளியும், அதே கிடங்கில் கணக்கெழுதும் குமாஸ்தாவும் அதற்கு விலக்கல்ல. மாலையில் டீக்கடையில் கூடினால் பேச்சு பந்தைச் சுற்றித்தான் ஓடும். எந்த அணி ஜெயிக்கும் என்பது பழைய கேள்வி. இரண்டு அணியும் கோல் போடுமா என்பது பந்தயக்காரர்கள் கொண்டுவந்த புதிய கேள்வி.

பதில் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஜெயிப்பது யார் என்று மண்டையை உடைத்துக் கொள்ள வேண்டாம். இந்தச் சுலபம்தான் தூண்டிலில் மாட்டிய புழு.

கேரளம் மறக்காத ஆட்டங்களையே பார்க்கலாம். 1973 டிசம்பரில் எறணாகுளத்தில் நடந்த சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில் கேரளம் ரயில்வேயை 3-2 என வென்றது. மூன்று கோலும் கேப்டன் டி.கே.எஸ். மணி போட்டவை. இரு பக்கமும் கோல் விழுந்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் கேரளம் கல்கத்தாவிடம் 0-1 எனத் தோற்றது. அந்த ஒரே கோலும் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தது. 2016-ல் அதே இரு அணிகள் கொச்சியில் மோதியபோது இடைவேளைக்கு முன்பே ஆளுக்கொரு கோல். இதில் எதை வைத்து அடுத்ததைக் கணிப்பது?

2022-ல் மஞ்சேரியில் நடந்த சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம் இன்னும் வேடிக்கை. 90 நிமிஷத்தில் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் வங்காளமும் கேரளமும் ஒவ்வொன்று போட்டன. பெனால்டியில் கேரளம் வென்றது. ஆனால் இத்தகைய பந்தயங்களில் பொதுவாகக் கூடுதல் நேரம் கணக்கில் சேராது. இரு கோலையும் கண்ணால் பார்த்தவன்கூடத் தோற்றவனே.

கணக்கும் அதையே சொல்கிறது. ஒவ்வொரு அணியும் சராசரியாக ஆட்டத்துக்கு 1.3 கோல் போடுவதாகக் கொண்டால், இரண்டும் கோல் போடும் வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 53. ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான்.

சரி, பாதிக்குப் பாதி என்றால் நஷ்டமில்லையே என்று கேட்கலாம். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் 100 ரூபாய்க்கு 180 தருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் ஆமாம் என்றும் மற்றவர் இல்லை என்றும் கட்டினால் வசூல் 200. ஜெயித்தவருக்கு 180. மீதி 20 பந்தயக்காரர் பைக்கு. தினம் 100 ரூபாய் கட்டி, பாதி நாள் ஜெயிப்பவனுக்கும் மாதம் 300 ரூபாய் கைவிட்டுப் போகும்.

ஆட்டம் தெரிந்தவன் ஜெயிக்கலாமே என்பார்கள். யாருக்குக் காலில் அடி, எந்த கோல்கீப்பர் ஆடவில்லை என்பதெல்லாம் விகிதம் போடுபவருக்கும் தெரியும். தெரிந்த பிறகே விகிதம் போடுகிறார். ஜெயித்தவன் பத்துப் பேரிடம் சொல்கிறான். தோற்றவன் வாய் திறப்பதில்லை. கேட்பவனுக்கு எல்லோரும் ஜெயிப்பது போலத் தோன்றுகிறது.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மறைவாக நடப்பதில் கட்டிய பணம் வராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? பிழைப்புக்காக மொழி வேறான ஊருக்கு வந்தவனுக்கு அந்தத் துணிவும் வராது. இழந்தது வெறும் 300 ரூபாயோடு நிற்பதுமில்லை. விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டுவான். முடிவில் ஊரில் தாய்க்கு மருந்தும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் தள்ளிப்போகும்.

ஊகிப்பது பாவமில்லை, ஆட்டத்தின் சுவையே அதில்தான். பந்தயம் கட்டியே தீர வேண்டுமானால் ஒரு டீயோடு நிற்கட்டும். தோற்றவன் வாங்கித் தருவான்; இருவரும் குடிப்பார்கள். மாதச் சம்பளம் பத்திரமாக ஊர் போய்ச் சேரும்.