ஆறு மாதம் கிடப்பில் கிடந்த திருத்தம்

2003 ஜனவரி 25ஆம் திகதி 'ஸ்லாமர்' என்ற கணினிப் புழு, மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் 2000 தரவுத்தள மென்பொருளுக்குள் புகுந்தது. அளவு வெறும் 376 பைட். கடவுச்சொல் தேவைப்படவில்லை, எவரும் எதையும் அழுத்தவும் இல்லை. 1434ஆம் இலக்க போர்ட்டுக்கு ஒரேயொரு தரவுப் பொதி வந்து சேர்ந்தாலே போதும். குறைந்தது 75,000 கணினிகள் அகப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடத்திலேயே. தென்கொரியாவில் இணையம் முடங்கிற்று. அமெரிக்க வங்கியொன்றின் ஏடிஎம்கள் நின்றன. புழு நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது என்பதுதான் வெட்கக்கேடு.

நமக்கும் அடி விழுந்தது. ஆதரவுக் காலம் முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளில் ஓடிய இலங்கை அரச மின்னஞ்சல் சேவையை 2023இல் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பறிபோயின. அந்நாட்களுக்குரிய பிரதியும் இருக்கவில்லை. அது தரவுத்தளமல்ல, ஆனால் அசட்டை அதே அசட்டைதான்.

நம் கல்முனையிலும் புடவைக்கடைக் கணக்கும் மருந்தகப் பதிவும் கணினிக்கு மாறிவிட்டன. மென்பொருளைப் பொருத்தித் தந்தவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விட்டால், பிறகு அதைத் தொடுவாரில்லை. கடை முதலாளிமாரே, அலுவலகப் பொறுப்பாளர்களே, தரவுத்தளத்தை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காதீர்கள். திருத்தம் வந்தவுடன் போடுங்கள். வாரமொரு பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.