பழவேற்காடு ஜெல்டிரியா கோட்டையைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: பெற்றோர் சங்கத்தினர், குடுபல்லி, சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்: கண்காணிப்புத் தொல்லியலாளர், இந்தியத் தொல்லியல் துறை, சென்னை வட்டம்; மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்.

பொருள்: கோட்டை வளாகத்தில் முட்புதர் அகற்றி, நடைபாதையும் பூங்காவும் அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

பழவேற்காட்டுக்கு வருவோர் ஏரியில் படகேறுகிறார்கள். டச்சுக் கல்லறைக்குப் போய், வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே புதைந்திருப்பவர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டிய கோட்டையோ முட்புதருக்குள் கிடக்கிறது. 1612இல் போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். மறு ஆண்டே அங்கு இந்தக் கோட்டையின் மதில் எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடம் இதுதான். வெடிமருந்து இங்கே தயாரானது. உள்நாட்டு நெசவாளர்களின் துணி இங்கிருந்து கப்பலேறி, கீழைத் தீவுகளில் நறுமணப் பொருளுக்கு விலையானது.

கடலே இல்லாத குடுபல்லிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் ஊன்ற இசைவு தந்தவர், சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி. சந்திரகிரி ராஜமகாலில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை நம்பி அழைத்துப் போகலாம். அந்த மன்னர் தந்த இசைவு கடற்கரையில் என்னவாயிற்று என்று காட்டத்தான் இடமில்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், இது அயல்மாநில விவகாரமும் ஆகாது.

பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்பது வழக்கமாக வரும் பதில். தரங்கம்பாடிக் கோட்டை போன்ற முழுக் கட்டடம் இங்கே இல்லைதான். ஆனால் அகழியின் தடமும் மேடும் இருக்கும்வரை கோட்டையின் அளவைக் காலால் நடந்தே அறிய முடியும். புதர்தான் அதை மறைக்கிறது. அந்நியர் பெருமைக்கு அரசுப் பணமா என்ற கேள்வி இன்னும் கனமானது. இந்தத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கீழைத் தீவுகளில் இருந்த பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அதைச் சொல்லாத பூங்கா வெறும் அலங்காரம். சொல்லும் பூங்கா அந்நியர் பெருமை பாடுவதாகாது. பூங்கா என்றதும் நீரூற்றும் சிமெண்டு யானையும் வந்துவிடுமோ என்ற அச்சம் எங்களுக்கும் உண்டு. ஆகவே அலங்காரக் கட்டடம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

சீமைக் கருவேலத்தைத் தொல்லியலாளர் மேற்பார்வையில், வேர் பிடுங்கிக் கல்லைக் குலைக்காமல், வெட்டி அகற்ற வேண்டும். மதில் ஓடிய வழியே நடைபாதையும், அதையொட்டி உப்புக்காற்றைத் தாங்கும் நம் மண்ணின் மரங்களும் வேண்டும். அடிமை வணிகத்தையும் மறைக்காத விளக்கப் பலகைகள் தமிழிலும் தெலுங்கிலும் நிற்க வேண்டும். குடிநீர், கழிப்பறை ஆகியவற்றோடு, பொன்னேரி ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக் குழுக்களுக்கு முன்பதிவின் பேரில் பேருந்தும் தேவை. நில அளவையும் கள ஆய்வும் நடத்தி, பணி தொடங்கும் நாளை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்க நிர்வாகிகள், குடுபல்லி.