கள்ளிக்குள் கள்ளம்

கைபேசித் திரையில் ஒரு படம். உள்ளங்கை அகலப் பச்சை உருண்டை. பூசணிக்காயைக் கீறியதுபோல எட்டுப் பிரிவு. ஒரு முள்கூட இல்லை, உடம்பெங்கும் கோலப்புள்ளி வைத்தாற்போல வெள்ளைப் பொட்டுகள். பெயர் அஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ். டெக்சாஸின் தென்கோடியிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் மட்டுமே காடாக வளர்வது. படத்துக்குக் கீழே விலை. அதற்கும் கீழே, 'ஒன்றே ஒன்றுதான் மீதி' என்று அவசரப்படுத்தும் வரி. புனேயிலோ போபாலிலோ பால்கனியில் நாற்பது தொட்டி அடுக்கியிருப்பவர் இரவு பதினொரு மணிக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

அந்த அவசரத்தில் கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. செடி சொந்த வேரில் நிற்கிறதா, இன்னொரு கள்ளியின் தலையில் உட்கார்ந்திருக்கிறதா? ஒட்டுமாங்கன்று வாங்கும் விவசாயி இலையைப் பார்ப்பதற்கு முன் ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்ப்பார். நகரத்துக்கு வந்துவிட்ட அவருடைய பேரன் இரண்டாயிரம் ரூபாய்க் கள்ளியை முகத்தைப் பார்த்து வாங்குகிறார்.

ஒட்டுப்போடுவது மோசடி அல்ல. அரிய கள்ளிகளில் பல ஆமை வேகத்தில் வளர்பவை. மெக்சிகோவின் அரியோகார்ப்பஸ் விதையிலிருந்து பூப்பதற்குப் பத்தாண்டுகூட ஆகலாம். அதன் பிஞ்சு நாற்றை வேகமாக வளரும் வேறொரு கள்ளியின் தண்டில் பொருத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூ பார்க்கலாம். அடிச்செடியாக நம் ஊரில் அதிகம் பயன்படுவது முப்பட்டைத் தண்டுள்ள டிராகன் பழக் கொடி (2021இல் குஜராத் அரசு 'கமலம்' என்று பெயர் சூட்டியதே, அதே கொடிதான்). சிலவற்றுக்கு ஒட்டு மட்டுமே கதி. 1940களில் ஜப்பானிய நாற்றுகளிடையே தலைகாட்டிய சிவப்பு நிலாக் கள்ளியில் பச்சையம் கிடையாது. தனியே நட்டால் பட்டினியில் சாகும். முழுச் சிவப்பு உருண்டையைக் காட்டி 'சொந்த வேர்' என்று ஒருவர் விற்றால், அவருக்குச் செடியைத் தெரியாது, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்பது தெரியும்.

மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. கள்ளித்தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரும் உணவும் ஓடும் குழாய்கள் அதில்தான். மேல்துண்டின் வளையமும் அடித்துண்டின் வளையமும் ஓரிடத்திலாவது தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். பிடிக்காவிட்டால்? மாங்கன்று நான்கு நாளில் வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். கள்ளி அப்படியல்ல. உடம்பில் சேர்த்துவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், புத்தம் புதிதுபோல உட்கார்ந்திருக்கும். பொருளைத் திருப்பியனுப்பக் கிடைக்கும் அவகாசமோ வழக்கமாக ஒரு வாரம், பத்து நாள். நேற்று வெட்டி ஒட்டியதை இன்று படமெடுத்து விற்பவருக்கு இதைவிட வசதியான சரக்கு இல்லை.

எனவே ஒட்டுப்போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்க வேண்டும். பதிலைவிட நம்பகமானது உச்சி. அங்கே புதிய முள்ளோ பஞ்சோ தளிர்த்திருந்தால் ஒட்டுப் பிடித்திருக்கிறது. இணைப்பில் இடைவெளியோ கருமையோ இருக்கக் கூடாது. அடித்தண்டு விறைப்பாக, பச்சையாக இருக்க வேண்டும். பட்டை ஓரங்கள் சுருங்கி மஞ்சளடித்திருந்தால் மேலே எத்தனை அழகு இருந்தாலும் பயனில்லை. டிராகன் தண்டு சமவெளி வெயிலுக்கு அஞ்சாது, குளிர்தான் ஆகாது. மும்பைக்காரர் தயங்காமல் வாங்கலாம். டெல்லிக்காரர் டிசம்பரில் அதை வீட்டுக்குள் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் சில ஆண்டுகளில் அது தளர்ந்துபோவது வழக்கம். மறுபடி ஒட்டுப்போடத் தெரியாதவர் இதையும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் நுட்பமான ஏமாற்று, ஒட்டையே மறைப்பது. அடித்தண்டைக் குட்டையாக வெட்டி, மண்ணுக்குள் புதைத்து, மேலே கூழாங்கல் பரப்பிவிடுகிறார்கள். இருபதாண்டுச் செடி என்று விற்கப்படுவது மூன்றாண்டு ஒட்டாக இருக்கும். உடம்புதான் சாட்சி. பணக்கார வீட்டுப் பிள்ளைபோல ஊதிப் பெருத்து, அளவுக்கு மீறிப் பக்கக் குட்டிகள் போட்டிருந்தால் சந்தேகப்படலாம். பசை வைத்து ஒட்டிய காகிதப்பூ, சாயம் ஏற்றிய நீலக் கள்ளி, வானவில் நிற விதை இவையெல்லாம் இந்த வித்தைக்கு முன் குழந்தை விளையாட்டு.

பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பது கள்ளி விவகாரத்தில் இந்தியாவுக்குப் புதிதல்ல. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என்று நம்பி 1795இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்டது வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை. அது தின்ன வேண்டிய சப்பாத்திக்கள்ளியை மட்டும் ஒழுங்காகத் தின்று தீர்த்தது.

'ஒட்டா, சீ' என்று முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. வெயிலில் வெந்து, அடி பட்டைதட்டி, தழும்பேறிய கட்டைதான் அவர்களுக்கு அசல். அந்த ரசனைக்கு விலை கொடுப்பது பாலைவனம். 2015இல் வெளியான சர்வதேச ஆய்வு 1,478 கள்ளி இனங்களைப் பரிசீலித்து, 31 சதவீதம் அழிவின் விளிம்பில் இருப்பதாகக் கண்டது. சேகரிப்புக்காகத் தோண்டியெடுப்பது காரணங்களில் முக்கியமானது. 2020இல் இத்தாலியில் ஒரு வீட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள் பிடிபட்டன. பெரும்பாலானவை சிலியின் அட்டகாமா கடலோரத்தில் பனிமூட்டத்தைக் குடித்து வளர்ந்த கோப்பியபோவா. எண்ணூற்றுச் சொச்சம் மட்டும் மறு ஆண்டு சிலிக்குத் திரும்பின. சுத்தமான உடம்போடு நர்சரியில் பிறந்த ஒட்டுச்செடி எவர் மண்ணையும் பறிக்கவில்லை. சைட்டஸ் ஒப்பந்தமே கள்ளிக் குடும்பத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துவிட்டு, நர்சரியில் ஒட்டிய நிலாக் கள்ளிக்கு விலக்கு அளித்திருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 1976 முதல் உறுப்பினர். தவிர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் நோயில்லைச் சான்றும் தேவை. 'பொம்மை' என்று எழுதி பார்சல் அனுப்புகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. காலிம்போங் நர்சரிகள் தலைமுறைகளாக இந்தத் தொழிலில் இருக்கின்றன. 1987இல் பஞ்ச்குலாவில் அமைந்த தேசியக் கள்ளித் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்தால் வயதான கள்ளி எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

பால்கனிக்காரருக்கு இப்போதைக்கு வேண்டியது இன்னும் ஒரு படம். கூழாங்கல்லை விலக்கி, மண்ணை விரலால் சற்றே தள்ளி, பக்கவாட்டில் எடுத்தது. அருகே இன்றைய தேதி எழுதிய காகிதம். அது வரும்வரை பணம் வங்கியிலேயே இருக்கலாம்.