அடுப்புப் புகையும் பள்ளிப் பிள்ளையின் மூச்சும்



2022 டிசெம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 'மண்டோஸ்' புயல் நேரத்தில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசடைந்த காற்று எமது வானத்தைப் புகார்போல மூடியது. அது பிள்ளைகளுக்குக் கூடாது என்று ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள். ஆனால் எமது வீட்டுக்குள் இருக்கும் காற்று எப்படிப்பட்டது?

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. நான் போய்வரும் வன்னிக் கிராமங்களில் இன்றும் அப்படித்தான். எரிவாயு அடுப்புக்கு மாறியிருந்த சிலரும் 2022 நெருக்கடியில் விறகுக்கே திரும்பினார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் குப்பி விளக்கில் படித்து, காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வந்த தலைமுறை நாங்கள். அந்தப் புகை இன்று எமது பிள்ளைகளின் மூச்சிலும் போகிறது.

பிள்ளையின் சுவாசப்பை பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை. இருபது வயதை அண்டும்வரை அது வளர்கிறது. புகையிலுள்ள நுண்துகள்கள் தலைமயிரின் தடிப்பிலும் பல மடங்கு சிறியவை. அவை சுவாசப்பையின் அடிவரை சென்று படிந்து, அதன் வளர்ச்சியைக் குறைக்கின்றன. பிள்ளை அடிக்கடி இருமுவது, இரவில் இழுப்பது, ஓடி விளையாடினால் களைப்பது, பாடசாலைக்குப் போகாமல் நிற்பது எல்லாவற்றுக்கும் இது ஒரு காரணமாகலாம்.

இது விதியல்ல. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் காற்று மெல்ல மெல்லச் சுத்தமாக, 15 வயதில் சுவாசப்பைப் பலம் குறைந்திருந்த பிள்ளைகளின் தொகை 7.9 வீதத்திலிருந்து 3.6 வீதமாக இறங்கியது. 2015இல் வெளியான ஆய்வு இது. எம்மைப்போல விறகில் சமைக்கும் குவாத்தமாலா நாட்டுக் கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நியூமோனியாவும் குறைந்தது.

"தங்கச்சி, புகையில்லாமல் எப்படிச் சமைக்கிறது?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையை அனுப்பிவிட்டுக் கூலி வேலைக்கு ஓடுபவர் அவர். அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசில்லாமலும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

மாரிக்கு முன்னரே விறகைக் காயவைத்து அடுக்குங்கள்; ஈர விறகில்தான் புகை அதிகம். அடுப்பு மூட்ட சொப்பிங் பையையோ ரயர்த் துண்டையோ பாவிக்காதீர்கள். குசினியில் எதிரெதிராக இரண்டு திறப்பு வையுங்கள். பிள்ளை அடுப்படியில் இருந்து படிக்க வேண்டாம். வளவுக் குப்பையை எரிக்காமல் தாட்டுப் பசளையாக்குங்கள். மூடிய அறையில் நுளம்புத்திரி வேண்டாம். ஒரு திரி எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கண்டது. நுளம்பு வலையே நல்லது.

பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். "பம்ப் பாவித்தால் அதற்கே பழகிவிடும்" என்ற பயத்தில் பல தாய்மார் அதை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. வைத்தியர் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

புகைபோக்கி அடுப்பைத் தனியொருத்தி கட்டுவது கஷ்டம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைக் கதையுங்கள். கல்லும் களிமண்ணும் சேர்த்து, முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கட்டலாம். முதல் அடுப்பு, இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு.