நாற்பதாண்டு ஏடு எங்கே?

தோழனே!

போத்தனூர் சந்திப்பில் நீ பன்முறை இறங்கியிருப்பாய். தெற்கே மதுக்கரை, 1934-ஆம் ஆண்டிலேயே சிமெண்டு ஆலையின் புகைபோக்கி எழுந்த ஊர். அதற்குப் பின், 1950-களில், போத்தனூரிலும் ஓர் ஆலை எழுந்தது. கல்நாரையும் சிமெண்டையும் குழைத்துக் கூரைத் தகடு வார்க்கும் ஆலை. சுண்ணாம்புக்கல் நம் மண்ணிலே கிடைத்தது, தோள்வலி கொங்குச் சீமையின் ஊர்தோறும் கிடைத்தது. கல்நார் மட்டும் கடல் கடந்து வந்தது.

சோமனூர்த் தறிக்கூடத்தை நிமிர்ந்து பார், பல்லடத்துக் கோழிப்பண்ணையைப் பார், ஆலைத் தொழிலாளி குடியிருக்கும் லைன் வீட்டைப் பார். எங்கும் அலையலையாய் அந்தச் சாம்பல் நிறக் கூரை. 'சிமெண்டுச் சீட்டு' என்று பெயரிட்டு அழைக்கிறோம். சீட்டிலே என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் எவரும் நமக்குப் படித்துக் காட்டவில்லை!

நான் படித்துக் காட்டுகிறேன், கேள். நூறு பங்கு தகட்டிலே கல்நார் பத்துப் பங்குக்கு உட்பட்டதுதான். ஆனால் அது கல்லாய்ப் பிறந்து நாராய்ப் பிரிவது; நாரும் நீளவாட்டில் பிளந்து, பிளந்து, கண்ணுக்குத் தெரியாத இழையாய் மெலிவது. மூட்டையைப் பிரிக்கும்போதும், தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும் பறக்கும். மூச்சோடு புகுந்து நுரையீரலின் அடிக்கிளையிலே தங்கும். உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்த்துத் தோற்று மடியும், அவ்விடம் தழும்பேறும். தழும்பு பரவப் பரவ நுரையீரல் விரிய மறுக்கும். இது நேற்றுச் சுவாசித்து இன்று வரும் நோயன்று. தழும்பு நோய் தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். நெஞ்சுறையைப் பற்றும் புற்றுநோய்க்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கூட ஆகும். வேலைக்குப் போகாத மனைவியையும் அது விடுவதில்லை. கணவனின் தூசி படிந்த சட்டையை உதறித் துவைத்தாளே, அதுவே போதும்!

கத்தியால் குத்தியவன் அன்று மாலையே பிடிபடுகிறான். முப்பது ஆண்டு கழித்துக் கொல்பவனை எந்தக் காவல் நிலையத்திலே போய்த் தேடுவது? கொலை நடந்த நாள் தெரியாது, கொன்ற பொருள் தெரியாது, செத்தவனுக்கே சேதி தெரியாது.

நான் மருத்துவன் அல்லன், நாடகம் எழுதுகிறவன். ஆகவே ஒரு காட்சி. மருத்துவமனை. எதிரே அறுபத்தைந்து வயதுப் பெரியவர், கையிலே எக்ஸ்ரே படம்.

"ஏனுங்க டாக்டரய்யா, மூணு படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க."

"பீடி குடிப்பீரோ?"

"எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுங்க."

"சரி, காசமாக இருக்கலாம். மாத்திரை எழுதுகிறேன்."

திரை விழுகிறது. 'இருபத்தெட்டு ஆண்டு என்ன வேலை பார்த்தீர்?' என்ற ஒரு கேள்வி! அது கேட்கப்படவே இல்லை. கேட்டிருந்தால் அந்த நோய்க்குப் பெயர் கிடைத்திருக்கும். பெயர் கிடைத்தால் இழப்பீடு உண்டு. தொழிற்சாலைச் சட்டத்திலே அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் கல்நார் நோய் இடம்பெற்றது. கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதவேண்டும் என்று சட்டம் பணித்தது. காணாதவர் எதை எழுதுவார்? அன்றைய சென்னை மாநிலத்தில், தொழிலாளர் காப்புறுதியாம் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் முதலில் கால் வைத்த ஊர் எது? கோவை! அந்தப் பெருமை பெற்ற ஊரிலே, தொழிலாளியின் நெஞ்சைப் பார்த்து அவன் தொழிலைக் கேட்காத மருத்துவம் நடக்கலாமா? (பஞ்சுத் தூசியால் நெஞ்சடைத்த நம் நூற்பாலைத் தோழர்களின் கதை இன்னொன்று, அதற்குத் தனியே ஒரு ஞாயிறு வேண்டும்.)

இந்நோய் புதிதோ? அன்று. இங்கிலாந்திலே ராச்டேல் என்னும் ஊர். நெல்லி கெர்ஷா என்னும் பெண் சிறு வயதிலேயே கல்நார் நூற்கப் போனாள். 1924-இல், 33 வயதில், மூச்சுத் திணறி மாண்டாள். கம்பெனி இழப்பீடு தர மறுத்தது. ஆனால் அவள் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் கண்டதை எழுதினார். 1930-இல் அரசாங்க அறிக்கை வந்தது. 1931-இல் அந்நாட்டில் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. போத்தனூரில் ஆலை எழுவதற்கு இருபது ஆண்டுக்கு முந்தைய சேதி இது! தெரியாமல் நேர்ந்த பிழை என்று எவரும் கூற முடியாது.

டில்லியின் நீதியைப் பார். 1986-இல், கல்நார் தோண்டப் புதிய உரிமம் கிடையாது என்றனர். 1993-இல், பழைய உரிமத்தையும் புதுப்பிப்பதில்லை என்றனர். நன்று! ஏன் நிறுத்தினர்? ஆளைக் கொல்லும் என்பதால். பிறகு என்ன செய்தனர்? துறைமுகத்தைத் திறந்து வைத்தனர். மலையிலே தோண்டாதே, மரக்கலத்திலே கொண்டு வா! ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அண்மை ஆண்டுகளில் வந்திறங்குவது ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்குக் குறையாது. நமக்கு நெடுங்காலம் கல்நார் விற்ற கனடா, 2018-இல் தன் நாட்டில் அதைத் தடை செய்தது. 'ஆஸ்பெஸ்டாஸ்' என்றே பெயர் தாங்கிய அந்நாட்டு ஊர், 2020-இல் வெட்கித் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அமெரிக்காவும் 2024-இல் வெண்கல்நாரைத் தடை செய்தது. நாமோ?

2011-இல், அபாயப் பொருள்களுக்கான ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் வெண்கல்நாரைச் சேர்க்க இந்தியா தலையசைத்தது. 2013-இல் அதே இந்தியா எதிர்த்துக் கை தூக்கியது. அந்தப் பட்டியல் விற்பனையைத் தடுப்பது கூட அன்று. 'இது அபாயம்' என்று வாங்குகிற நாட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு விற்கச் சொல்வது, அவ்வளவே! வாங்குகிறவனே, 'எனக்குச் சொல்லாதே' என்று காதைப் பொத்திக்கொள்ளும் விந்தையை வேறெங்கே கண்டாய்?

'வெண்கல்நார் தீங்கற்றது, ஏழைக்கு மலிவான கூரை, தீப்பிடிக்காது' என்பர். மலிவு என்பதை ஒப்புகிறேன். தீப்பிடிக்காது என்பதும் மெய். 2004-இல் கும்பகோணத்துப் பள்ளியின் ஓலைக் கூரைக்கடியிலே 94 பிஞ்சுகளைப் பறிகொடுத்த நாடு இது. அந்த வாதத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. ஆனால் நெருப்புக்கு அஞ்சினால் நஞ்சைத்தான் தேட வேண்டுமா? கல்நாரின்றி வேறு இழை சேர்த்துத் தகடு செய்கின்ற நாடுகள் உள்ளனவே! தீங்கற்றது என்பதோ பச்சைப் பொய். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக நல்வாழ்வு நிறுவனம் தெளிவாகக் கூறிவிட்டது. உன் வீட்டுக் கூரையை இன்றே பிடுங்கி எறி என்கிறேனா? இல்லை. கிடக்கும் தகட்டைவிட உடைக்கும் தகடே கொடியது. அறுக்கவும் துளைக்கவும் நேர்ந்தால் தண்ணீர் தெளித்துச் செய். உடைந்ததைக் கையால் பொடியாக்காதே.

'சுப்ரீம் கோர்ட்டே தடை செய்யவில்லையே' என்பாரும் உளர். உண்மை, தடை கோரிய மனுவை 2011-இல் அது தள்ளியது. ஆயின் அதே நீதிமன்றம் 1995 ஜனவரி 27-இல் அளித்த தீர்ப்பை ஏன் மறைக்கிறார்கள்? அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அவன் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது தீர்ப்பு. கல்நார் ஆலை ஒவ்வொன்றும் தன் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நல ஏட்டையும், அவர் வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகளோ, விலகியபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. ஏன் நாற்பது? மெல்லக் கொல்லும் நோயின் கணக்கு நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

தோழனே, இந்த வாரம் உனக்கு ஒரு வேலை. மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். போத்தனூரிலும் சுற்று வட்டாரத்திலும் தகட்டாலையிலே உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் திண்ணையில் போய் உட்கார். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் பகுதியில் நின்றார், மூட்டை பிரித்தாரா, தகடு அறுத்தாரா, எந்த ஆண்டு விலகினார் என்று கேட்டு எழுது. ஒப்பந்தக் கூலியாக நின்றவரை விட்டுவிடாதே. அவர் பெயர் ஏட்டிலே ஏறியதா என்பதையும் கேள். சங்கத்தின் மூலம் நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதச் சொல்: 'என் உடல்நல ஏட்டின் படியைத் தருக.' படி வந்தால் நெஞ்சுநோய் அறிந்த மருத்துவரிடம் கொண்டு போ. வராவிட்டால் அந்த மௌனத்தையே தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தேதியிட்டு எழுது.

நாள் கடத்தாதே. 1982-இல் சேர்ந்து 2015-இல் ஓய்ந்தவரின் ஏடு 2030 வரையில்தான் இருந்தாகவேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் அதை அடுப்பிலே போட்டாலும் கேட்பதற்கு நம் கையில் தீர்ப்பு இராது.